மருத்துவமனைக்கு இடந்தேர்தல்

நோயுற்றார்க்கு மருத்துவமனை இன்றியமையாதது. அஃது அமையும் இடமும் அத்துணை இன்றியமையாததே. வல்ல மருத்துவரும் நல்ல மருந்தும் இருப்பினும், வழி நெடிதாயின் நோயாளி வந்து சேருமுன்னரே உயிர் பிரிதல் கூடும். ஆதலின் அறிஞர் இடந்தேர்தலைத் தனிக்கணக்காகவே வளர்த்துள்ளனர்.

மருத்துவமனை ஒன்றே ஆயின் கணக்கு எளிது. மேசைபோற் கிடத்திய பலகையில் ஊர்கள் உள்ள இடங்களிலெல்லாம் துளையிடுவர். துளைதோறும் ஒரு நூலை விட்டு, அதன் கீழ்முனையில் அவ்வூர் மக்கள்தொகைக்கேற்ற எடையைத் தொங்கவிடுவர். மேல்முனைகளை ஒரே முடிச்சாக்கி விடின், அம்முடிச்சு அசைந்து அசைந்து ஓரிடத்தில் நிற்கும். உராய்வு இன்றேல், அனைவர்க்கும் உரிய நேர்த்தொலைவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த இடம் அதுவே.

மருத்துவமனைகள் பலவாயின் இடர் மிகும். 50 ஊர்களுள் 10 ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் வகைகள் 1,027 கோடி ஆகும். நொடிக்கு ஒன்றாக அல்லும் பகலும் ஆராயினும் 325 ஆண்டுகள் கழியும். கணிப்பொறி விரைந்து கணக்கிடும். எனினும் ஊர்கள் 100 ஆயின், வகைகள் ஆயிரம் மடங்கிற்கு மேற் பெருகிவிடும்.

இவ்விடர் நீங்க, 1968ஆம் ஆண்டில் டைட்சு, பார்ட்டு என்னும் அறிஞர் இருவர் ஒரு மாற்றுமுறையை வெளியிட்டனர். முதலில் ஏதேனும் 10 ஊர்களைக் கொள்ளவேண்டும். அவற்றுள் ஒன்றை நீக்கி, வேறோர் ஊரை அதற்கீடாக வைத்துப் பார்க்கவேண்டும். மொத்தத் தொலைவு குறையின் மாற்றத்தை ஏற்கலாம். இன்றேல் பழையதையே கொள்ளலாம். எம்மாற்றமும் பயன் தராதபோது முயற்சி முடிவுறும்.

மூடுபனியில் மலையேறுவோன் சிறு குன்றின் உச்சியை அடைந்து, நாற்புறமும் இறக்கமே கண்டு, அதுவே மலைமுடி என மயங்குதல் உண்டு. இம்முறையும் அங்ஙனமே இடையில் நின்றுவிடக்கூடும். ஆதலின் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பன்முறை முயன்று, கிடைத்தவற்றுள் சிறந்ததைக் கொள்வர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மொத்தத் தொலைவைக் குறைத்தல் ஒன்றே நோக்கமாயின், மருத்துவமனைகள் பேரூர்களை நாடும்; ஒதுங்கிய சிற்றூர் இடர்ப்படும். மிகத் தொலைவிலுள்ளார் வழியைக் குறைத்தல் வேறொரு நோக்கம். 1964ஆம் ஆண்டில் ஹக்கிமி என்னும் அறிஞர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆராய்ந்தார். எந்நோக்கத்தைக் கொள்வது என்பதைக் கணக்குச் சொல்லாது. அதனை முடிவு செய்வோர் நடுவுநிலைமையும் அருளும் உடையராதல் வேண்டும்.