வெறுங்கை சொல்லும் கதை

நுழையும்முன்

எழுத்தால் கட்டுரை படைப்பதைப் போலவே ஒளிப்படங்களாலும் கட்டுரை படைக்கலாம். அதற்கும் ஒரு பொருள் வேண்டும். அப்பொருளைப் பற்றிய கேள்வி வேண்டும். தொடக்கமும் முடிவும் வேண்டும். திறன்பேசி கையில் இருப்பதால் நாம் நாள்தோறும் படம் எடுக்கிறோம். அத்திறன்பேசியை நாம் எந்த அளவிற்குச் சார்ந்திருக்கிறோம் என்பதை அதே கருவியைக் கொண்டு காட்ட இயலுமா? இயலும். அதற்கான வழியை இப்பாடம் விளக்குகிறது.

இல்லாததைக் காட்டிய படங்கள்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எரிக் பிக்கர்ஸ்கில், நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தார். அருகில் ஒரு குடும்பத்தினர் வந்து அமர்ந்தனர். தந்தையும் இரு மகள்களும் தத்தம் திறன்பேசியில் ஆழ்ந்துபோயினர். தாயின் கையில் மட்டும் எக்கருவியும் இல்லை. அவர் சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உறவுகள் சூழ்ந்திருந்தும் அவர் தனித்திருந்தார். பிக்கர்ஸ்கில்லின் மனத்தில் பதிந்த அக்காட்சியே, 2014ஆம் ஆண்டளவில் 'ரிமூவ்ட்' என்னும் ஒளிப்படத் தொகுப்பாக வளர்ந்தது. 'அகற்றப்பட்டது' என்பது அச்சொல்லின் பொருள்.

அவர் கையாண்ட முறை எளியது. திறன்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இசைவு பெறுவார். அமர்ந்த நிலையும் பார்வையும் மாறாமல் அப்படியே இருக்கச் சொல்லி, கையிலுள்ள கருவியை மட்டும் எடுத்துவிடுவார். பிறகு படம் எடுப்பார். கறுப்பு வெள்ளையில் அமைந்த அப்படங்களில் மனிதர்கள் தம் வெறுங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒரு படத்தில் அவரும் அவருடைய மனைவியும் ஒரே படுக்கையில் முதுகு காட்டிப் படுத்திருக்கின்றனர். இருவர் விரல்களும் இல்லாத ஒன்றைப் பற்றியபடி வளைந்திருக்கின்றன.

இங்கு இரண்டு செய்திகளை நாம் உற்று நோக்க வேண்டும். ஒன்று, கருவியைக் காட்டாமலே கருவியின் பிடியை அவர் காட்டிவிட்டார். மற்றொன்று, பிறரைச் சுட்டிய விரலைத் தம் பக்கமும் அவர் திருப்பினார். கலைஞரும் குற்றவாளிக் கூண்டில் நின்றமையால்தான் அப்படங்கள் ஏளனமாகாமல் தப்பின.

சங்க மரபு தரும் கண்

சொல்லாமல் சொல்லும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று. அகப்பாடலின் அமைப்பை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் காணப்படுபவை கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். உள்ளுறையில், கருப்பொருள்களைப் பற்றிய செய்திக்குள் மாந்தரின் செய்தி மறைந்து நிற்கும்.

ஒளிப்படம் எடுக்கும்முன் இம்மூன்றையும் கேள்விகளாக்கிக்கொள்ளுங்கள். இது எந்த இடம், எந்தப் பொழுது? இங்குள்ள பொருள்கள் எவை? இங்குள்ள மனிதர் என்ன உணர்கிறார்? திறன்பேசியையும் முகத்தையும் மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் முதல் கேள்விக்கு விடை இராது. ஆறிப்போன தேநீர்க் குவளையும், சுவர்க் கடிகாரமும், அருகில் வந்து நின்று கூப்பிடத் தயங்கும் குழந்தையும் அதே சட்டகத்திற்குள் வரும்போது, படம் பேசத் தொடங்குகிறது.

பொருளைக் கேள்வியாக்குதல்

'தொழில்நுட்பத்தைச் சார்ந்திருத்தல்' என்பது கடல் போன்ற பொருள். அதனை அப்படியே படமாக்க முயல்பவர், பேருந்தில் குனிந்த தலைகளை வரிசையாக எடுத்துவிட்டு நின்றுவிடுவார். பரந்த பொருளை ஒரு கேள்வியாகக் குறுக்குவதே முதற்பணி. 'மின்சாரம் நின்ற ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன நிகழ்கிறது?', 'எங்கள் தெருத் தேநீர்க் கடைக்காரர் பணம் வந்ததைக் காதால் அறிவது எப்படி?', 'வழி கேட்க மறந்த ஊரில் வழி சொல்பவர் யார்?' இவை படமாக்கத்தக்க கேள்விகள்.

சார்ந்திருத்தல் அனைத்தும் தீங்கு என்னும் முடிவோடு தொடங்குதல் கூடாது. செவித்துணைக் கருவியைச் சார்ந்திருப்பவருக்கு அது பேச்சுலகின் கதவு. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் செயலி, பார்வைத்திறன் குறைந்த மாணவருக்குப் பாடநூல். நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவியின்முன் நிற்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். கருவியைச் சார்ந்திருக்க வேண்டுமென்று அவர் விரும்பவில்லை. உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுக்கும்போது, அரிசிக்காக அவர் மீண்டும் மீண்டும் விரலை வைக்க வேண்டியிருக்கிறது. விருப்பத்தால் சார்ந்திருப்பவர், தேவையால் சார்ந்திருப்பவர், வேறு வழியின்றிச் சார்ந்திருப்பவர் என மூவரையும் வேறுபடுத்திக் காண்பவரே நேர்மையான படம் எடுப்பார்.

ஒரு மாணவியின் பட்டறிவு

சென்னைப் புறநகரில் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவி ஒருவர் இத்தகைய செயல்திட்டத்தை மேற்கொண்டார். 'அப்பா எப்போதும் கைப்பேசியிலேயே இருக்கிறார்' என்பது அவருடைய குறை. உணவு உண்ணும்போதும் தந்தையின் கண் திரையிலேயே இருந்தது. அதைப் படமாக்கி அவருக்கே காட்டி நாணவைக்க வேண்டும் என்பது மாணவியின் எண்ணம். முதல் வாரத்தில் எடுத்த படங்கள் யாவும் குற்றப்பத்திரிகை போலவே அமைந்தன.

அவற்றைப் பார்த்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் திரையில் எதைப் பார்க்கிறார்?" மாணவிக்கு விடை தெரியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அவர் தந்தையின் ஆட்டோவில் உடன் சென்றார். பயணியின் அழைப்பு செயலியில் தோன்றுவதையும், அதனை ஏற்கச் சில நொடிகளே இருப்பதையும், கண் சற்று விலகினால் அந்தச் சவாரி வேறொருவருக்குப் போய்விடுவதையும் கண்டார். காலை முதல் மாலை வரை அந்தச் சில நொடிகளுக்காகத் தந்தையின் கண் காத்துக்கிடந்தது. உணவுத் தட்டின்முன்னும் அக்காத்திருப்பு தொடர்ந்தது என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார். 'அப்பா ஏன் எங்களைப் பார்ப்பதில்லை?' என்னும் அவருடைய கேள்வி, 'அப்பாவின் பார்வையை யார் வாங்கிக்கொண்டார்கள்?' என்று மாறியது.

அதன்பின் எடுத்த படங்கள் வேறாக இருந்தன. சோறு பிசைந்தபடி நின்றுவிட்ட வலக்கை. தட்டின் ஓரத்தில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த திறன்பேசி. இரவில் மின்னேற்றியில் கருவி உறங்க, அதனருகில் உறங்கும் தந்தை. தொகுப்பின் இறுதிப் படத்தை மாணவி எடுக்கவில்லை; அவருடைய தம்பி எடுத்தான். உண்ணும் தந்தைக்கு எதிரில் அமர்ந்து, அவரை நேரில் பாராமல் தம் திறன்பேசித் திரையின் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி அப்படத்தில் இருந்தார். முதலில் அதை நீக்கிவிட எண்ணிய அவர், பின்னர் அதையே முடிவாக வைத்தார். படங்களைப் பார்த்த தந்தை, இறுதிப் படத்தில் நெடுநேரம் நின்றார். "நீயும்தானா அம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றிரவு உண்ணும்போது இருவர் திறன்பேசியும் அலமாரியில் இருந்தன. மறுநாள் தந்தையின் கருவி தட்டின் ஓரத்திற்குத் திரும்பிவிட்டது, பிழைப்பு காத்திருக்கவில்லை. மாணவியின் கருவி அலமாரியிலேயே இருந்தது.

காலமும் ஒளியும்

கருத்திற்கேற்ற நுட்பத்தைத் தேர்வது அடுத்த பணி. விலையுயர்ந்த ஒளிப்படக்கருவி தேவையில்லை. திறன்பேசியிலுள்ள சில வசதிகளை அறிந்தாலே போதும்.

*நீண்ட திறப்பு:* மாலை நேரத்தில் பேருந்து நிலையத்தில் திறன்பேசியைத் தாங்கியில் பொருத்தியோ அசையாத மேடைமீது சாய்த்தோ வையுங்கள். ஒளி புகும் நேரத்தை நாமே அமைக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், அதனை ஒரு நொடி அளவிற்கு நீட்டுங்கள். நடப்பவர் புகைபோல் கலைவர். திரையைப் பார்த்து அசையாமல் நிற்பவர் மட்டும் தெளிவாகப் பதிவார்.

*திரையொளி:* இருண்ட அறையில் திறன்பேசியின் வெளிச்சம் ஒன்றே முகத்தில் விழுமாறு எடுக்கலாம். கருவி தானாகவே படத்தை வெளிறச் செய்யும். திரையில் ஒளிமிக்க பகுதியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் குறையுங்கள். இருளும் படத்தின் பகுதியாகும்.

*மீள்வருகை:* ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில் பல நாள்கள் எடுங்கள். ஒரு நாள் தற்செயலாகத் தோன்றுவது, பத்து நாள்களில் பழக்கமாகத் தெரியும்.

> தெரியுமா?
> 1838ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லூயி தாகேர், பாரிஸ் நகரின் பரபரப்பான அகன்ற சாலை ஒன்றைப் படமெடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மக்களும் பதியவில்லை; சாலை வெறிச்சோடித் தோன்றுகிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் அடையாளம் காணும் வகையில் பதிந்தது. மனித உருவம் இடம்பெற்ற மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

இசைவும் கண்ணியமும்

2017ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, அறியாமல் எடுக்கப்பட்ட தம் படத்தைப் பிறர் பார்த்துச் சிரிக்க எவரும் விரும்பார். எனவே, என்ன எடுக்கிறீர்கள், எங்கே காட்டுவீர்கள் என்பதை உரியவரிடம் கூறி இசைவு பெறுங்கள். சிறுவர்களாயின் பெற்றோரின் இசைவும் வேண்டும். இசைந்தவர் பின்னர் மறுத்தால் படத்தை நீக்கிவிடுங்கள். திரையிலுள்ள செய்திகளும் எண்களும் படத்தில் பதியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இப்படத்தில் நான் இருந்தால் இதைக் காட்ட ஒப்புவேனா?' என்று உங்களையே கேட்டுக்கொள்வது சிறந்த அளவுகோல்.

தேர்வும் வரிசையும்

அமெரிக்க ஒளிப்பட இதழாளர் யூஜின் ஸ்மித், கொலராடோ மாநிலத்தின் சிற்றூர் மருத்துவர் ஒருவருடன் 23 நாள்கள் தங்கியிருந்து எடுத்த படக்கட்டுரை, 1948ஆம் ஆண்டில் 'லைஃப்' இதழில் வெளிவந்தது. படக்கட்டுரை என்னும் வடிவத்திற்கு அது இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. உடன் தங்கிய நாள்கள் பல. அச்சேறிய பக்கங்கள் சில. எடுப்பதில் பாதிக் கலையென்றால் விடுப்பதில் மீதிக் கலை இருக்கிறது.

எடுத்த படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டில் ஒன்றை அகற்றுங்கள். அழகாக இருந்தும் கேள்வியோடு தொடர்பற்ற படத்தையும் அகற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு படங்கள் எஞ்சினால் போதும். இடத்தை அறிமுகம் செய்யும் அகலப் படம், மனிதரைக் காட்டும் படம், கை, கண், பொருள் முதலியவற்றின் நெருக்கப் படம், முடிவைப் பார்ப்பவரிடமே விடும் படம் என வரிசைப்படுத்தலாம்.

படத்தின் கீழ் எழுதும் விளக்கம், படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லக் கூடாது. 'தந்தை திறன்பேசி பார்க்கிறார்' என எழுதுவதால் பயனில்லை. 'இரவு 9.40. பதினான்காவது சவாரிக்கான காத்திருப்பு' என்பது படத்திற்கு வெளியே உள்ளதையும் காட்டுகிறது.

நிறைவாக

தொழில்நுட்பத்தை விட்டு ஓடுவதற்காக நாம் இச்செயல்திட்டத்தை மேற்கொள்ளவில்லை, ஓடவும் இயலாது. எங்கே நாம் கருவியைப் பிடித்திருக்கிறோம், எங்கே கருவி நம்மைப் பிடித்திருக்கிறது என்று பிரித்தறிவதற்காகவே மேற்கொள்கிறோம். அவ்வெல்லைக்கோடு வீட்டுக்கு வீடு மாறும். ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டறிய நாம் முதலில் பார்க்கவேண்டிய கை, நம்முடைய கையே.

கற்பவை கற்றபின்

1. பத்து நிமிடம் உங்கள் திறன்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, உங்கள் கைகள் என்ன செய்தன என்பதைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், இன்று அவர் எக்கருவியை விரும்பியும் எக்கருவியை வேறு வழியின்றியும் பயன்படுத்துகிறார் எனக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
3. குழுவாக இணைந்து, ஒரு கேள்வியை மையமாகக் கொண்ட பத்துப் படங்களின் தொகுப்பை உருவாக்கி வகுப்பறைச் சுவரில் காட்சிப்படுத்துக.

இலக்கணக் குறிப்பு

வெறுங்கை – பண்புத்தொகை. தேய்ந்த விரல் – பெயரெச்சம். பார்த்துச் சிரிக்க – 'பார்த்து' வினையெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

அமர்ந்தனர் – அமர் + த்(ந்) + த் + அன் + அர்
அமர் – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

'ரிமூவ்ட்' தொகுப்பில் பிக்கர்ஸ்கில் அகற்றியது
அ) மனிதர்களை ஆ) பின்புலத்தை இ) கையிலுள்ள கருவியை ஈ) வெளிச்சத்தை

குறுவினா

1. தாகேரின் படத்தில் சாலை வெறிச்சோடித் தோன்றுவதன் காரணம் யாது?
2. படவிளக்கம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

சிறுவினா

1. முதல், கரு, உரி என்னும் பாகுபாடு ஒளிப்படக் கலைக்கு உதவுவதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஆசிரியரின் கேள்வி, மாணவியின் செயல்திட்டத்தை மாற்றியமைத்தது எங்ஙனம்?

நெடுவினா

'சார்ந்திருத்தல் அனைத்தும் தீங்கன்று' – இக்கூற்றை உங்கள் ஊரில் நீங்கள் கண்ட காட்சிகளைக் கொண்டு ஆய்ந்து எழுதுக.