விமானத்தின் வாலில் ஒரு சிறு தகடு

விமானம் என்றதும் பெரிய தொழிற்சாலைகளில் உருவாகும் பயணிகள் விமானங்களே நம் மனக்கண் முன் தோன்றும். ஆனால் தம் வீட்டுக் கொட்டகையிலேயே மரமும் துணியும் கொண்டு சிறு விமானம் கட்டிப் பறப்பவர்களும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டில் இது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. 1953-ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகையோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்னரே, 1920-களின் இறுதியில், மின்னசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்டு பீட்டன்போல், 'ஏர் கேம்ப்பர்' என்னும் இருவர் அமரும் விமானத்தை வடிவமைத்தார். ஃபோர்டு மாடல் ஏ மோட்டார் காரின் எஞ்சினையே அதற்குப் பொருத்தினார். அதன் வரைபடங்கள் 1932-இல் அச்சில் வெளிவந்தன. இன்றும் பலர் அவ்விமானத்தைக் கட்டி வருகின்றனர்.

மூல வரைபடத்தில் இல்லாத ஓர் உறுப்பைப் பின்னாளில் சிலர் அதில் சேர்த்துக்கொண்டனர். 'எலிவேட்டர் டிரிம்' என்பது அதன் பெயர். அது என்ன, எதற்காக, அதைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்பதைக் காண்போம். வகுப்பில் நாம் படித்த நெம்புகோல் தத்துவமே இதனைப் புரிந்துகொள்ளப் போதுமானது.

வாலின் வேலை

விமானத்தின் எடை முழுவதும் அதன் புவியீர்ப்பு மையத்தில் கீழ்நோக்கிச் செயற்படுகிறது. இறக்கைகளின் தூக்குவிசை மேல்நோக்கிச் செயற்படுகிறது. பெரும்பாலான விமானங்களில் இவ்விரண்டும் ஒரே புள்ளியில் அமைவதில்லை. எடை சற்று முன்னே இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 500 கிலோகிராம் எடையுள்ள விமானத்தில் புவியீர்ப்பு மையம் தூக்குவிசைக்கு 8 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அதன் திருப்புத்திறன் 500 × 8 = 4000. இது மூக்கைக் கீழே சாய்க்கப் பார்க்கும். வால், தூக்குவிசைக்கு 400 செ.மீ. பின்னால் இருந்தால், 4000 ÷ 400 = 10 கிலோகிராம் விசையுடன் அது கீழ்நோக்கி அழுத்தவேண்டும். அப்போதுதான் விமானம் சமநிலையில் பறக்கும். நீண்ட கையில் சிறு விசை, குறுகிய கையில் பெரிய எடை! முன்னாளில் நம் ஊர்க் கடைகளில் இருந்த தூக்குக்கோலும் இத்தத்துவப்படியே எடை காட்டியது.

வாலின் பின்பகுதியில் கீல் வைத்துப் பொருத்திய பலகை ஒன்று உண்டு. அதுவே எலிவேட்டர். விமானி தம் முன்னுள்ள கோலைப் பின்னே இழுத்தால் எலிவேட்டர் மேலே எழும், வால் கீழே தாழும், மூக்கு உயரும். கோலை முன்னே தள்ளினால் இதற்கு மாறாக நிகழும்.

வாலின் இந்த அழுத்தம் எப்போதும் ஒரே அளவாக இருக்க முடியாது. வேகம் மாறும். எரிபொருள் குறையும். உடன் அமர்பவர் இருப்பார், அல்லது இருக்கமாட்டார். ஒவ்வொரு மாற்றத்திற்கும் விமானி கோலை இழுத்தோ தள்ளியோ பிடிக்கவேண்டும். இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்குவது எளிது. அதை இரண்டு மணி நேரம் இறக்காமல் பிடித்திருக்க முடியுமா? கை சோர்ந்தால் கவனமும் சோரும். வரைபடத்தைப் பார்க்கவோ, வானொலியைத் திருப்பவோ கணநேரம் கை தளர்ந்தாலும் விமானம் தன் உயரத்தை விட்டு விலகும். இந்தச் சுமையை நீக்குவதே டிரிம்.

மூன்று வழிகள்

வீட்டில் கட்டிய விமானத்தில் டிரிம் சேர்க்கப் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, எலிவேட்டரின் பின்விளிம்பில் சிறு அலுமினியத் தகட்டை நிலையாகப் பொருத்துவது. தரையில் நிற்கும்போது அதைக் கையால் சிறிது வளைத்து வைக்கலாம். மிக எளிய முறை. ஆனால் ஒரு வேகத்திற்கே சரியாக இருக்கும்.

இரண்டாவது, ஸ்பிரிங் முறை. எலிவேட்டருக்குச் செல்லும் கோலின் அடியில் முன்னும் பின்னுமாக இரு ஸ்பிரிங்குகளை மாட்டி, ஒரு நெம்புபிடியால் அவற்றின் இழுப்பை மாற்றலாம். விமானியின் கைக்குப் பதிலாக ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும். வாலில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் வேகம் குறைந்தாலும் ஸ்பிரிங்கின் இழுப்பு குறையாது என்பதை விமானி நினைவில் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, எலிவேட்டரின் பின்விளிம்பில் கீல் வைத்த சிறு தகட்டை அமைத்து, கம்பி மூலமோ சிறு மின்மோட்டார் மூலமோ இயக்குவது. இங்கே ஒரு விந்தை உண்டு. தகடு கீழே இறங்கினால் காற்று அதை மேலே தள்ளும், அதனுடன் எலிவேட்டரும் மேலே எழும், மூக்கு உயரும். உள்ளங்கை அளவே அகலமுள்ள தகடு பெரிய பலகையை எப்படி நகர்த்துகிறது? கதவைக் கீலின் அருகே தள்ளினால் அசையாது. வெளி விளிம்பில் ஒரு விரலால் தள்ளினாலே திறந்துவிடும். தகடும் கீலிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதே காரணம். மேலும், வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். ஆகவே இத்தகட்டின் ஆற்றலும் வேகத்துடன் கூடிக் குறையும்.

வால் இறக்கை முழுவதையும் சாய்த்து டிரிம் செய்யும் விமானங்களும் உண்டு. 1964-இல் உலகைத் தனியே விமானத்தில் சுற்றிவந்த முதல் பெண்மணி ஜெரி மாக் ஓட்டிய செஸ்னா 180 அவ்வகையைச் சேர்ந்தது. அப்பயணம் 29 நாள்களுக்கு மேல் நீடித்தது என்பதை எண்ணினால், கைக்கு ஓய்வு தரும் இவ்வுறுப்பின் அருமை விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

1. தகடு ஆடக்கூடாது. கீலிலோ கம்பியிலோ சிறிது தளர்வு இருந்தாலும், காற்றில் கொடித்துணி படபடப்பது போல் தகடு படபடக்கத் தொடங்கும். இதை 'ஃப்ளட்டர்' என்பர். சில விநாடிகளில் வாலையே பிய்த்தெறியும் வல்லமை இதற்கு உண்டு.

2. தகடு கனமாக இருக்கக்கூடாது. கீலுக்குப் பின்னால் எடை கூடக்கூட ஃப்ளட்டர் அபாயமும் கூடும். எலிவேட்டர் சமன்-எடை வைத்துக் கட்டப்பட்டிருந்தால், அச்சமநிலையை மீண்டும் சோதிக்கவேண்டும்.

3. திசை மாறக்கூடாது. மூக்கை உயர்த்த நெம்புபிடியை நகர்த்தினால் தகடு கீழே இறங்குகிறதா என்று தரையிலேயே கண்ணால் பார்க்கவேண்டும்.

4. ஸ்பிரிங் அறுந்தாலும், மோட்டார் நில்லாமல் ஓடினாலும், விமானி தம் கைவலியால் விமானத்தை அடக்க முடியவேண்டும். டிரிம் எந்தக் கோடியில் இருந்தாலும் கோல் முழுத் தொலைவும் தடையின்றி நகரவேண்டும்.

5. இறங்குவதற்காக மூக்கை உயர்த்தி டிரிம் வைத்த நிலையில், மனம் மாறி எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினால் மூக்கு சட்டென்று மேலே ஏறும். அப்போது கோலை முன்னே தள்ள விமானி ஆயத்தமாயிருக்கவேண்டும். இல்லையேல் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்.

மறைப்பது வேறு, தீர்ப்பது வேறு

இவை எல்லாவற்றிலும் முதன்மையான ஒன்று உண்டு. ஏர் கேம்ப்பரில் விமானி பின் இருக்கையில் அமர்கிறார். அவர் எடை மிகுந்தவரானாலோ, கனமான ஃபோர்டு எஞ்சினுக்குப் பதில் இலேசான எஞ்சினை வைத்தாலோ, விமானம் வால்கனம் உடையதாகிவிடும். அப்போது கோலை இடைவிடாது முன்னே தள்ளிக்கொண்டிருக்க நேரிடும். "டிரிம் வைத்தால் சரியாகிவிடும்" என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது பெருந்தவறு. டிரிம் கையின் வலியைத்தான் போக்கும். புவியீர்ப்பு மையத்தை ஓர் அங்குலமும் நகர்த்தாது. வால்கனமான விமானம் வேகம் இழந்து விழத் தொடங்கினால் மூக்கைத் தாழ்த்தி மீட்பது அரிதாகிவிடும். கையில் வலி இருந்தவரையில் அது ஓர் எச்சரிக்கையாகவாவது இருந்தது. டிரிம் அதையும் மறைத்துவிடும்.

ஆகவே அறிவுள்ளவர் முதலில் விமானத்தை எடை போடுவர். இரு சக்கரங்களின் கீழும் வாலின் கீழும் தராசு வைத்து, புவியீர்ப்பு மையத்தைக் கணக்கிடுவர். அது எல்லைக்கு வெளியே இருந்தால், ஏர் கேம்ப்பர் கட்டுவோர் செய்வது போல இறக்கையைச் சற்றுப் பின்னே தள்ளி அமைப்பர். அல்லது எஞ்சினை முன்னே நகர்த்துவர். சமநிலை சரியான பின்னரே டிரிம்மைப் பற்றி எண்ணுவர்.

தோழியரே, வலியைப் போக்கும் மருந்து வேறு, நோயைத் தீர்க்கும் மருந்து வேறு அல்லவா? எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், இது எதைத் தீர்க்கிறது, எதை மறைக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. டிரிம் விமானியின் கைக்கு ஓய்வு தரலாம். அவருடைய கருத்துக்கு ஓய்வு தருவதில்லை.