முதலில் நம்மிடம் சொல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு அண்ணன், அண்ணி, சித்தப்பா குடும்பம் எல்லோரும் வீட்டில் கூடும்போது, எனக்குப் பெண்கள்மேல்தான் விருப்பம் என்று அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். எப்படி ஆரம்பிப்பது என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுவரை இதை யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருக்கிறாயா? உன் கடிதத்தில் அப்படி ஒருவரும் இல்லை. உன் தோழிக்குத் தெரியும்தான், ஆனால் அவள் இந்தக் கதைக்குள்ளேயே இருப்பவள். அப்படியென்றால் வெளியிலிருந்து இதைக் கேட்கப் போகும் முதல் ஆள் உன் அம்மா. அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் ஊரான சுங்கை புரோங் எனக்குத் தெரியாத இடம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை வயல். யாருடைய மோட்டார் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில். இப்போது அந்த டவுனுக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் அழுதால் மூன்றாவது வீட்டில் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பார்கள். இன்று லயம் போய் தாமான் வந்துவிட்டது, செங்கல் சுவர் வந்துவிட்டது, கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழுவும் வந்துவிட்டது. தீபாவளி காலையில் நீ அம்மாவிடம் சொல்வது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஈப்போவில் இருக்கும் மாமாவுக்குப் போய்விடும். அம்மா அதை யோசித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. யோசிக்க நேரம் கிடைக்காதவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

நீ வெளிநாட்டுக் காணொளிகள் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். பிள்ளை சொல்கிறது, அம்மா அழுகிறார், கட்டிப்பிடிக்கிறார், முடிந்தது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1978இல் கலிபோர்னியாவில் ஓரினக் காதலர்களை அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து விலக்க வழிசெய்யும் ஒரு முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க் அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர். உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள், உறவினரிடம் சொல்லுங்கள், கூட வேலை செய்பவர்களிடம் சொல்லுங்கள், நம்மைத் தெரிந்தவர்கள் நமக்கு எதிராக வாக்களிக்கத் தயங்குவார்கள் என்று மேடைக்கு மேடை பேசினார். நவம்பர் 7ஆம் தேதி அந்த முன்மொழிவு தோற்றது. அதே மாதம் 27ஆம் தேதி மில்க்கைச் சுட்டுக் கொன்றார்கள். பத்து வருஷம் கழித்து, 1988இல், அமெரிக்காவில் அக்டோபர் 11ஐ வெளிப்படும் நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனி. அவர் 'சொல்லுங்கள்' என்று கூப்பிட்டபோது அந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு தெருவே இருந்தது. கடைகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக் கேட்டுப் பல வருஷம் பழகியிருந்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னது அதற்கும் பிறகு. காணொளியில் நீ பார்ப்பது அந்தக் கடைசிப் படியை மட்டும்தான்.

நம் மலேசியாவில் ஊரறியச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2010 டிசம்பரில் அஸ்வான் இஸ்மாயில் என்ற மலாய் இளைஞர், தான் ஓரினக் காதலர் என்பதை மலாயிலேயே ஒரு காணொளியில் அமைதியாகச் சொன்னார். கொலை மிரட்டல் வரை வந்தது. அந்தக் காணொளியை வெளியிட்ட செக்சுவாலிட்டி மெர்டேக்கா என்ற பாலியல் உரிமை விழாவை 2008இல் பாங் கீ தெய்க்கும் ஜெரோம் குகனும் தொடங்கியிருந்தார்கள். 2011 நவம்பரில் போலீஸ் அதைத் தடை செய்தது. அந்த வருஷம் விழாவைத் தொடங்கி வைக்க இருந்தவர் நம் அம்பிகா சீனிவாசன். வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவரான அவரையே அதற்காக எப்படியெல்லாம் ஏசினார்கள் என்று அந்த நாள் செய்திகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சட்டமும் அப்படித்தான். தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்திலிருந்து வந்தவை. இருபது வருஷம் வரை சிறை, பிரம்படி என்று இன்றைக்கும் அவை ஏட்டில் இருக்கின்றன. 2021 பிப்ரவரி 25ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் நம் சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28ஆம் பிரிவைச் செல்லாது என்றது. அது முஸ்லிம்களுக்கான மாநிலச் சட்டம். ஏற்கெனவே கூட்டரசுச் சட்டம் இருக்கும் விஷயத்தில் மாநிலம் தனியாகச் சட்டம் போட முடியாது என்பதுதான் தீர்ப்பு. 377 அப்படியே நிற்கிறது. அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை. 'நான் இப்படித்தான்' என்று நீ சொல்வதை அவை குற்றமாக்கவில்லை. அதனால் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் எங்கே, யாரிடம் சொல்கிறாய் என்பதில் கவனம் வேண்டும். பினாங்கில் 2017 ஜூனில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன், பெண்மைச் சாயல் என்ற கேலியில் தொடங்கிய தாக்குதலுக்கு ஆளாகி, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். தன்னைப் பற்றி அவன் எதுவும் சொல்லக்கூட இல்லை.

சரி, வீட்டுக்கு முன்னால் நம்மைப் போன்றவர்களிடம் சொல் என்று ஏன் சொல்கிறேன்?

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ரேவதி என்ற திருநங்கை எழுதிய வெள்ளை மொழி என்ற தன்வரலாற்றை உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் அவருடைய முதல் புத்தகம் அது இல்லை. 2004இல் வந்த உணர்வும் உருவமும்தான் முதலாவது. அதில் அவர் தன் கதையை எழுதவில்லை. மற்றத் திருநங்கைகளிடம் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தொகுத்தார். அவருடைய தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்திலும், அடுத்த வருஷம் தமிழிலும் வந்தது. இந்த வரிசையை நான் பல தடவை நினைத்துப் பார்ப்பதுண்டு. முதலில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறார், பிறகுதான் தன் வாயைத் திறந்திருக்கிறார்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. இருபத்து சொச்சம் வயதில் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தபோது, கோயில் பக்கத்தில் பூ கட்டி விற்ற ஓர் அக்காவோடு பழக்கம் ஏற்பட்டது. திருநங்கை. மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பூவை இரண்டு இரண்டாக எடுத்து, தலைமாற்றி வைத்து, நூலைச் சுற்றி இழுப்பார். பார்க்காமலே விரல் ஓடும். ரப்பர் தோட்டத்தில் அப்பா கூட வெளிக்காட்டுக்குப் போனது, மங்கு துடைத்தது, அம்மாவின் சேலையை எடுத்தது எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணன் பேச்சு வந்தால் மட்டும் விரல் நின்றுவிடும். பூ கையில் இருக்கும், நூல் பல்லில் இருக்கும், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வேறு பேச்சு பேசுவார். அந்த அண்ணன் கதையை அவர் முழுதாகச் சொல்ல வருஷக்கணக்காயிற்று. அதுவரை நான் கேட்கவில்லை. அவர் சொல்லி முடித்த சாயங்காலம்தான் நானும் என்னைப் பற்றிச் சொன்னேன். 'தெரியும்மா, நீ சொல்லட்டும்னுதான் இருந்தேன்' என்றார்.

வீட்டில் சொல்லும்போது உனக்கு ஒரே தடவைதான் கிடைக்கும். அந்த முதல் வார்த்தையை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நம்மிடம் சொல்லும்போது நீ பாதியில் நிறுத்தலாம். போன மாதம் சொன்னதை இந்த மாதம் மாற்றிச் சொல்லலாம். 'அப்போது எனக்குப் பயமாக இல்லை' என்று சொன்னவள் அடுத்த தடவை 'பயந்துதான் போனேன்' என்று சொல்லலாம். யாரும் உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் வீட்டுக்குச் சொல்லவே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அம்மா செத்த பிறகு சொன்னவர் இருக்கிறார். சொல்லி, அடி வாங்கி, ஊரை விட்டு வந்து, இப்போது அதே வீட்டுக்கு மாதா மாதம் முந்நூறு வெள்ளி அனுப்புகிறவர் இருக்கிறார். இவர்கள் எல்லோருடைய கதையும் கேட்டால், உன் கதை கட்டிப்பிடிப்பில்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம் உனக்கு இருக்காது.

இதில் நான் கறாராக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. உன் கதையில் உன் தோழியும் இருக்கிறாள். அவள் தன் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய். நீ அம்மாவிடம் அவள் பெயரைச் சொன்ன நிமிடமே அவளுடைய முடிவை நீ எடுத்துவிட்டதாக ஆகிவிடும். தஞ்சோங் காராங் டவுனில் அவள் அப்பாவை உன் அப்பாவுக்குத் தெரியும். ஆகவே எங்கள் மத்தியில்கூட அடுத்தவர் பெயர், வேலையிடம், தாமான் பெயர் எதையும் சொல்வதில்லை. போனை எடுத்துப் பதிவு செய்வதும் இல்லை. யாராவது உருக்கமாகப் பேசினால் அதை அப்படியே இன்னொருவருக்குக் கொண்டுபோகத் தோன்றும், நல்லெண்ணத்தில்தான். அதையும் செய்யாதே. அவரே வந்து சொல்லட்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் மதுரைப் பக்கம் ஒருவரையொருவர் காதலித்த இரண்டு இளம்பெண்கள் வீட்டு எதிர்ப்பினால் சென்னைக்கு ஓடிப்போய், பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே தீர்ப்பு எழுதாமல் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். திரிநேத்ரா என்ற திருநங்கை மருத்துவரையும் அவருடைய அம்மாவையும் சந்தித்துப் பேசினார். பிறகுதான் ஜூன் 7ஆம் தேதி அந்த உத்தரவு வந்தது. போலீஸ் துன்புறுத்தக் கூடாது, 'மாற்றுகிறேன்' என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது இந்தியத் தீர்ப்பு, இங்கே செல்லாது. நான் அதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. அத்தனை படித்த மனிதருக்கே வாரக்கணக்கில் நேரமும் பேச ஆளும் தேவைப்பட்டது. நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடும் உன் அம்மாவுக்கு, விருந்தாளிகள் நிறைந்த வீட்டில், பத்து நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நீ சொன்ன பிறகு அம்மா யாரிடம் போய் அழுவார்? சித்தியிடமா, கோயில் தலைவர் மனைவியிடமா? எங்களோடு ஓர் அம்மா இருக்கிறார். மகன் சொன்னபோது ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தவர். இன்று வேறு அம்மாக்கள் கூப்பிட்டால் இரவு எத்தனை மணியானாலும் போன் எடுப்பார். நீ சொல்லும் நாளுக்கு முன்னால் அவருடைய நம்பர் உன் கையில் இருக்க வேண்டும்.

தீபாவளி வேண்டாம். எந்தத் திருநாளும் வேண்டாம். வருஷா வருஷம் அந்த நாள் வரும்போதெல்லாம் அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வரும். சாதாரண ஒரு வேலைநாளைப் பார்த்து வை. அதற்கு முன் உன் ஐ.சி., சூராட் பெரானாக், எஸ்.பி.எம். சான்றிதழ் மூன்றும் உன் கைப்பையில் இருக்கட்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் பல பேர் இந்தக் காகிதங்களை எடுக்க முடியாமல்தான் வேலை கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒரு மாதச் செலவுக்குப் பணம், ஓர் இரவு தங்க ஒரு வீடு. வீடு என்னுடையது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம், போகட்டும்.

மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் கிள்ளானில் ஒரு வீட்டில் கூடுகிறோம். ஏழெட்டுப் பேர் இருப்போம், சில நாள் நாலு பேர். தேத்தண்ணியும் கச்சானும் இருக்கும். முதல் தடவை நீ பேச வேண்டியதில்லை, பெயரைக்கூட மாற்றிச் சொல்லலாம். காலையிலேயே பஸ் ஏறி கோலசிலாங்கூர் வந்து இறங்கு, அங்கிருந்து காரில் கூட்டிப்போகிறேன், பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டால் பழைய தமிழ்ப்பள்ளி டீச்சர் என்று சொல், அது உண்மைதான். உன் தோழியையும் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தாய். வரலாம். ஆனால் அந்தக் கேள்வியை அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா