கோழித் தீவனத்தில் கதிரியக்கம்: அளப்பது எப்படி?



புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து (நீலகிரி அடிவாரத்து ஊர் அன்று, நம் தொழிற்பேட்டை உள்ள மேட்டுப்பாளையம்) கல்லூரிக்கு வரும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், கோழித் தீவனத்தில் கதிரியக்கம் இருக்கிறதாமே! எங்கள் வீட்டில் பத்துக் கோழி வளர்க்கிறோம். முட்டையைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?"

"கதிரியக்கம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அது பதில் ஆகாது. எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

தீவனத்தில் மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூள், தாது உப்பு ஆகியவை கலந்திருக்கும். தானியத்திலும் பிண்ணாக்கிலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசிய அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க அணு. இதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். 1896-இல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கெரலின் பெயரே அலகுக்குச் சூட்டப்பட்டது. ஒரு கிராம் பொட்டாசியத்தின் கதிரியக்கம் சுமார் 31 பெக்கெரல்.

இரண்டாவது மூலம் 'டி.சி.பி.' எனப்படும் டை கால்சியம் பாஸ்பேட். கோழியின் எலும்பு வலுவுக்காக 100 கிலோ தீவனத்தில் ஒன்றிரண்டு கிலோ சேர்ப்பார்கள். இது பெரும்பாலும் பாஸ்பேட் பாறையிலிருந்து வருவது. கடலடியில் படிந்த பாஸ்பேட் பாறைகள் பலவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில் யுரேனியம் உண்டு. அதன் கதிரியக்கம் சுமார் 1200 பெக்கெரல்.

அளக்கும் முறை

கெய்கர் கருவி கதிர்களை எண்ணும். எந்த அணு அனுப்பியது என்று சொல்லாது. அதற்குச் சோடியம் அயோடைடு படிகம் உதவுகிறது. காமாக் கதிர் பட்டதும் படிகம் மின்மினிபோல ஒளிர்கிறது. கதிரின் ஆற்றலுக்கு ஏற்ப ஒளி கூடும் அல்லது குறையும். 1460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் முகடு தெரிந்தால் பொட்டாசியம்-40. 609-இல் தெரிந்தால் யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214.

தீவனத்தை உலர்த்தி, பொடித்து, சலித்து, அரைக் கிலோ நிறுத்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து நான்கு வாரம் வைக்க வேண்டும். ஏன் இந்தக் காத்திருப்பு? ரேடியத்துக்கும் பிஸ்மத்துக்கும் இடையில் ரேடான் என்னும் வாயு நிற்கிறது. பொடிக்கும்போது அது தப்பிவிடும். அதன் அரை ஆயுள் 3.8 நாள். 28 நாளில் ஏழு அரை ஆயுள்கள் கடந்து, குறை 128-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

இனிக் கணக்குப் போடுவோம். கிலோவுக்கு 7 கிராம் பொட்டாசியம் என்று கொண்டால் 217 பெக்கெரல். அரைக் கிலோவில் 108. நூறு சிதைவுகளில் சுமார் 11 மட்டுமே காமாக் கதிர் தரும். ஆகவே நொடிக்கு 12 கதிர். அதில் நூற்றில் ஒன்றைக் கருவி முகட்டில் பதிவு செய்தால் நொடிக்கு 0.12. பத்து மணி நேரத்தில் சுமார் 4300 எண்ணிக்கை. இதன் வர்க்கமூலம் 66. அதாவது பிழை 1.5 சதவீதம். பத்து நிமிடம் மட்டும் எண்ணினால் 72 கிடைக்கும். பிழை 12 சதவீதம்! பொறுமையும் ஒரு கருவிதான்.

சுவரிலும் பொட்டாசியம் உண்டு. ஆகவே ஈயக் கவசத்துக்குள் அளந்து, காலி டப்பாவையும் அதே நேரம் அளந்து கழிக்க வேண்டும்.

ஏமாறக் கூடிய இடம்

பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது ரேடியத்தில் பெரும் பகுதி ஜிப்சத்தோடு போய்விடும். யுரேனியம் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலத்தில் தங்கும். அந்த அமிலத்தில் செய்த டி.சி.பி.யில் பிஸ்மத் முகடு சிறிதாக இருப்பதைப் பார்த்து "யுரேனியம் இல்லை" என்று முடிவு கட்டினால் தவறு. யுரேனியத்தின் நேர் வாரிசான தோரியம்-234 அனுப்பும் 63 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரை ஜெர்மானியம் உணர்வியால் தேட வேண்டும்.

மாணவிக்குப் பதில்

பாறையின் யுரேனியம் முழுதும் டி.சி.பி.யில் தங்கியதாகவே கொள்வோம். நூற்றில் ஒரு பங்கு சேர்த்தால் தீவனத்தில் கிலோவுக்கு 12 பெக்கெரல். முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தின்னும், அதில் 1.3 பெக்கெரல். அதிலும் பெரும் பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடும். எனவே தம்பிக்குத் தயங்காமல் முட்டை கொடுக்கலாம்.

ஆனால் பொட்டாசியத்தின் 217 பெரிது, யுரேனியத்தின் 12 சிறிது என்று ஒப்பிட்டு அலட்சியமாக இருக்கவும் கூடாது. உடல் பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்து, மிகுதியை வெளியேற்றிவிடும். உடலுக்குள் சேரும் யுரேனியமோ எலும்பில் தங்கக் கூடியது. ஆகவே தீவனத்தைவிட, அதில் சேரும் தாது உப்பை அளப்பதே புத்திசாலித்தனம். அங்கே யுரேனியம் நூறு மடங்கு செறிவாக இருப்பதால் அளப்பதும் எளிது.

செய்து பாருங்கள்

50 கிலோ எடையுள்ள மாணவரின் உடலில் சுமார் 100 கிராம் பொட்டாசியம் உண்டு. அவருடைய கதிரியக்கம் எத்தனை பெக்கெரல்? விடை: 3100. நாம் ஒவ்வொருவருமே கதிர் வீசுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்!