தலைவர்கள் முதலில் பாசறை புகுதல் வேண்டும்

இருபது சிறுவர்களை ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் மூன்று நாள் தங்கவைத்துப் பாசறை நடத்துவது எளிய காரியமென்று பலரும் எண்ணுகின்றனர். அரிசியும் பருப்பும் சேகரித்துவிட்டால் போதும், மற்றவை தாமே நடந்தேறும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் கிணற்று நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவிட்ட ஒரே தவற்றால், இரண்டாம் நாள் காலையில் அச்சிறுவர் யாவரும் வயிற்றுப்போக்கால் வருந்த நேரிடலாம். காற்றின் திசையறியாது மூட்டிய அடுப்பினால் கூடாரம் தீப்பற்றலாம். பெற்றோர் தம் மக்களை நம்பி ஒப்புவிப்பது பாசறைத் தலைவரிடமே. ஆகையால் சிறுவரை அழைத்துச் செல்லுமுன் அத்தலைவர் பாசறை வாழ்க்கையைத் தாமே கற்றிருத்தல் அவசியம். ஊதியம் பெறாது ஊழியம் செய்ய முன்வரும் இளைஞர்கள் இதனைக் கற்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. பிரௌன்ஸீ தீவில் நடந்த சோதனை

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில், 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் என்னும் சேனைத் தலைவர் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு வாரகாலம் பாசறை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும், உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து சிலரும் அதற்கு வந்திருந்தனர். அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கி, அணியின் பொறுப்பு முழுவதையும் அவனிடம் விட்டார். பிரசங்கம் குறைவு, விளையாட்டும் செய்கையும் மிகுதி. சாரணர் இயக்கம் இப்பாசறையிலிருந்தே தோன்றியது.

1908-இல் பேடன் பவல் எழுதிய நூல் வெளிவந்ததும், சிறுவர்கள் ஊர்தோறும் தாமாகவே அணி சேர்ந்து, தங்களை நடத்தப் பெரியோரைத் தேடினர். அவ்வாறு கிடைத்த பெரியோரிடம் ஆர்வம் இருந்தது, பயிற்சி இல்லை. 1914-இல் தொடங்கிய உலக யுத்தத்தில் பல தலைவர்கள் மாண்டபின் இக்குறை இன்னும் பெரிதாயிற்று.

2. கில்வெல் பயிற்சி

இக்குறையை நீக்கும்பொருட்டு, லண்டனை அடுத்த எப்பிங் காட்டின் ஓரத்திலிருந்த கில்வெல் என்னும் பழைய தோட்டமொன்று 1919-இல் வாங்கப்பெற்றது. அதற்கான பொருளை மக்லாரென் என்னும் அன்பர் உதவினார். மாளிகை பாழடைந்தும் நிலம் புதர்மண்டியும் கிடந்தன. அதனைத் திருத்துவதற்காக அவ்வாண்டு ஏப்ரல் மாதம் சென்ற முதல் இளைஞர் குழு, தரை மிகவும் ஈரமாக இருந்தமையால், தோட்டக்காரனுடைய பழங்கொட்டகையில் இரவைக் கழித்தது. அக்கொட்டகைக்குப் ‘பன்றிக் கொட்டில்’ என்று அவர்கள் வேடிக்கையாகப் பெயரிட்டனர்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 19 பேருக்கு அங்கே முதற் பயிற்சி நடைபெற்றது. அதனை நடத்தியவர் பிரான்ஸிஸ் கிட்னி. வந்தவர்கள் வயது முதிர்ந்த தலைவர்களேயாயினும், பயிற்சி நாட்களில் ஒருவரும் தலைவராக நடத்தப்படவில்லை. சிறுவரைப்போலவே அணிகளாகப் பிரிந்து, கூடாரமடித்து, சமைத்து, பாத்திரம் துலக்கி, வழி கண்டறிந்து, இரவில் தீயைச் சுற்றி அமர்ந்தனர். பயிற்சியை முடித்தோர்க்கு அளிக்கப்பெற்ற அடையாளம் பொன்னோ வெள்ளியோ அன்று. தோல்வாரில் கோத்த இரண்டு சிறு மரமணிகளே. அம்முறை இன்றளவும் பல நாடுகளிற் பின்பற்றப்படுகின்றது.

இதன் கருத்து யாதெனில், தான் ஈரத் தரையில் ஓர் இரவேனும் உறங்கி அறியாதவன், பிறர் மக்கள் உறங்குதற்கு இடம் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவன் என்பதே.

3. நமது நாட்டில்

இந்தியாவில் சாரணர் படை 1909-இல் பெங்களூரில் தொடங்கியதாயினும், தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. அக்குறையைப் போக்க 1916-இல் அன்னி பெஸன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். பின்னர்ப் பல சங்கங்களாக இருந்தவை 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டன. பெண் சாரணியர் சங்கம் 1951-இல் அதனோடு இணைந்தது. தலைவர்களுக்குப் பயிற்சியளிக்கும் தேசிய நிலையம் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் உள்ளது.

4. தலைவர் கைப்பழக்கமாக அறியவேண்டியவை

இடம்: சற்று மேடான, நீர் வடியும் நிலம் வேண்டும். வறண்ட ஓடையின் மணற்பரப்பு மெத்தைபோல் தோன்றினும், மேற்கே பெய்த மழையின் வெள்ளம் நள்ளிரவில் அங்கு வந்து சேரக்கூடும். தனிமரத்தின் கீழும், பட்ட கிளையுள்ள மரத்தின் கீழும் கூடாரம் அடித்தலாகாது.

கூடாரம்: வாயில் காற்றை எதிர்நோக்காதிருத்தல் வேண்டும். முளையின் தலை கூடாரத்திற்கு எதிர்ப்புறமாகச் சாயுமாறு அடித்தல் நலம். பருத்தி, சணல் கயிறுகள் நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். ஆகையால் மழைக்குறி கண்டவுடன் அவற்றைச் சற்றுத் தளர்த்துவது தலைவன் கடமை.

நீர்: தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. துணியில் வடிகட்டினால் தூசு நீங்குமேயன்றி நோய்க்கிருமிகள் நீங்கா. நீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிஷமேனும் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்துக் குடித்தல் வேண்டும்.

கழிப்பிடம்: நீர்நிலைக்கு 100 அடிக்குக் குறையாத தூரத்தில், அதனினும் தாழ்ந்த நிலத்தில், காற்று பாசறையை நோக்கி வீசாத பக்கத்தில், ஓரடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள பள்ளம் தோண்டுக. தோண்டிய மண்ணை அருகே குவித்து வைத்து, ஒவ்வொருவரும் உபயோகித்தபின் மண்ணிட்டு மூடுமாறு செய்க. சவர்க்காரமும் நீரும் அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும்.

சமையலிடம்: குப்பைக்கு ஒரு குழியும் கழுநீருக்கு ஒரு குழியும் வேண்டும். கழுநீர்க்குழியின்மேல் வைக்கோலைப் பரப்பினால் எண்ணெய்ப்பசை அதிலே தங்கும். அவ்வைக்கோலை நாள்தோறும் எடுத்து எரித்துவிட்டால் ஈ மொய்ப்பது குறையும். அடுப்பு கூடாரத்தினின்றும் விலகியிருக்க, மணலும் ஒரு வாளி நீரும் அதன் பக்கத்தில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். தீயை அணைத்தபின் சாம்பலைக் கிளறி மீண்டும் நீர்விட்டு, சூடு இல்லையென்று கண்ட பின்னரே அவ்விடம் விட்டு அகலலாம்.

இரவு: பெரியவர் ஒருவர் பிள்ளை ஒருவருடன் தனித்து ஒரே கூடாரத்தில் உறங்குதல் கூடாது. தலைவர்கள் குறைந்தது இருவர் பாசறையில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கும் தலைவர்களுக்கும் இது காப்பாகும்.

5. கற்றலும் கொடுத்தலும்

மேற்கூறியவற்றை ஏட்டிற் படித்தல் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாதென்பது இங்கு மிகப் பொருந்தும். பல கிராமத்து ஊழியர்கள் இரண்டு மூன்று நாள் ஒன்றுகூடி, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து, செய்து கற்பதே முறை.

இக்கூட்டத்தில் கற்பிப்போர் வேறு, கற்போர் வேறு என்று பிரிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு திறமையைக் கொண்டு வருகின்றனர். காளையைக் கட்டும் உழவன் எந்த முடிச்சு இறுகும், எது இழுத்தவுடன் அவிழும் என்பதை அறிவான். கூரை வேய்பவன் மழைக்கு ஒதுங்கும் பந்தலை ஓலைகொண்டு விரைவில் அமைப்பான். ஆடு மேய்ப்பவன் விண்மீனைக் கண்டு திசையும் நேரமும் சொல்வான். மருத்துவமனையிற் பழகிய பெண், காயத்திற்குக் கட்டுக் கட்டும் முறையைக் காட்டுவாள். இவர்களுள் ஒவ்வொருவர்க்கும் கால்மணி நேரம் அளித்து, முதலிற் செய்து காட்டச் செய்க. பிறகு மற்றவர்கள் தங்கள் கையாற் செய்க. கடைசியில், கற்றுக்கொண்டவன் இன்னொருவனுக்குக் கற்பித்துக் காட்டுக. கற்பிக்க இயன்றபோதே அத்திறமை அவனுக்குச் சொந்தமாயிற்று என்று கொள்ளலாம்.

இரவில் அணித்தலைவர்கள் கூடி, அன்று நேர்ந்த தவறுகளை ஒளிக்காமற் பேசுதல் வேண்டும். சோறு கருகியதும் முளை பிடுங்கியதும் இங்கே வெட்கத்திற்குரியன அல்ல. சிறுவர் எவரும் உடனில்லாத இப்பாசறையில் நேரும் தவறு ஒரு வேளை உணவையே கெடுக்கும். சிறுவருடன் இருக்கும்போது நேரும் தவறு அவர்களுடைய உடல்நலத்தையே கெடுத்துவிடும்.

அணிகளைப் பிரிக்கும்பொழுது ஒரே தெருவாரை ஓரணியாகச் சேர்த்தலாகாது. எல்லாச் சாதியாரும் ஒரே பானையிற் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுதல் வேண்டும். தலைவர்களுக்குள்ளே இவ்வொற்றுமை இல்லையாயின், அவர்கள் நடத்தும் சிறுவர் பாசறையிலும் ஊரின் பழைய பிரிவுகளே கூடாரமடித்து நிற்கும்.

6. சங்கங்கள் செய்யத்தக்கவை

நாணயச் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் இட்ட சிறுதொகை மற்றோர் அங்கத்தினரின் அவசரத்திற்கு உதவுகின்றது. பாசறையிற் சேரும் திறமைகளும் அத்தகையனவே. ஒரு வேற்றுமை யாதெனில், பணத்தைக் கடன் கொடுத்தால் அது திரும்பிவரும் வரையிற் கையிருப்புக் குறையும். திறமையைக் கொடுத்தாலோ கொடுத்தவனிடமும் அது குறையாது நிற்கும்.

அக்கம்பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து, கூடாரத்துணி, கயிறு, மண்வெட்டி, பெரும்பாத்திரம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி, ஒருவர் பொறுப்பில் கணக்குடன் வைத்துக்கொள்ளலாம். தனியொரு சங்கத்திற்குப் பாரமான செலவு இவ்வாறு எளிதாகும். ஒவ்வொரு சங்கமும் ஆணும் பெண்ணுமாக இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து முதலில் இப்பயிற்சிக்கு அனுப்புக. அவர்கள் திரும்பிவந்து தாம் கற்றதைச் சங்கக் கூட்டத்தில் செய்து காட்டியபின்னரே ஊர்ப்பிள்ளைகளை அவர்களிடம் ஒப்புவித்தல் முறையாகும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் ஊரைச் சுற்றிப் பாசறைக்குத் தகுதியான இடம் எது? மழை பெய்தால் அங்கே நீர் எத்திசையில் ஓடும்?

2. நம் அங்கத்தினருள் பிறர்க்குக் கற்பிக்கத்தக்க கைத்திறமை உடையவர் யாவர்? அவர்களிடம் இதுவரை எவரேனும் அதனைக் கேட்டதுண்டா?

3. பொதுவில் வாங்கும் சாமான்களுக்கு எவர் பொறுப்பேற்பது? சேதமானால் ஈடு செய்வது எவ்வாறு?