வீட்டுப் பெரியவர்களின் மனநலம் அறிவது எப்படி?



குடும்ப நலம் என்றதும் குழந்தைக்குத் தடுப்பூசி, தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை என்றுதான் நினைக்கிறோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மனசும் குடும்ப நலத்தில் சேர்ந்ததே.

தாம்பரத்தைச் சுற்றி முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென் பக்கம் பாருங்கள். ஏர் ஓட்டிய நிலமெல்லாம் மனைக்கட்டாகிவிட்டது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பெரியவர் பகலெல்லாம் தனியே. 2015 டிசம்பரில் முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மழை இருட்டினாலே கலங்கும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

“மனசு சரியில்லை” என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது. “உடம்பெல்லாம் எரியுது, சோறு இறங்கல” என்பார்கள். ஒரு பாட்டி மாதக்கணக்கில் மூட்டுவலி என்று என்னிடம் வந்தார். நானும் தைலம் தேய்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒருநாள், “ராத்திரி தூங்குறீங்களாம்மா?” என்று கேட்டேன். “அவரு போனதுலேர்ந்து ஏதுப்பா தூக்கம்?” என்று அழுதுவிட்டார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

என்ன கேட்பது?

சாப்பிட்டு முடிந்த பிறகு, நாலு பேர் இல்லாத நேரத்தில், எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். மகனிடம் சொல்லாததை மருமகளிடம் சொல்வதும் உண்டு.

1. ராத்திரி தூக்கம் எப்படி?
2. சாப்பாட்டில் ருசி இருக்கிறதா?
3. முன்பு பிடித்த கோயில், பேரப்பிள்ளை, அக்கம்பக்கத்துப் பேச்சு இன்னும் பிடிக்கிறதா?
4. எல்லாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா?
5. இருந்து என்ன பயன் என்று நினைப்பு வருகிறதா?

இவற்றில் சில, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் தமிழிலும் உண்டு. ஆம், இல்லை என்று சொன்னால் போதும்; எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாசித்துக் கேட்கலாம்.

மறதியைப் பார்ப்பது எப்படி?

இங்கிலீஷ் தேதி கேட்டு, பதில் வராவிட்டால் “புத்தி போச்சு” என்று சொல்லாதீர்கள். 1975இல் அமெரிக்காவில் வந்த பரிசோதனையில் எழுதச் சொல்லும் கேள்வியும் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவருக்கு அது பொருந்துமா? அதனால் அரியானா மாநிலம் பல்லப்கர் கிராமத்து முதியோருக்காக அதை மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டார்கள். சீனத்து முதியோருக்கும் அவர்கள் பேச்சு, படிப்புக்கு ஏற்ப மாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் இது ஆடியா ஆவணியா, பொங்கலுக்கு எத்தனை மாசம் இருக்கு என்று கேளுங்கள். கடைக்குப் போனால் வழி தவறாமல் திரும்புகிறாரா என்று கவனியுங்கள்.

வித்தியாசம் தெரியட்டும்

மனச்சோர்வு: சில வாரங்களில் வரும். “எனக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்று அவரே குறைப்படுவார். சிகிச்சையில் குணமாகும்.

மறதி நோய்: மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வளரும். அவரைவிட வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள்.

திடீர்க் குழப்பம்: நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அது காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரைக் குறைவு, புது மாத்திரை இவற்றால் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, காது மந்தம், கண்புரை இவையும் மனச்சோர்வு போலவோ மறதி போலவோ தோன்றலாம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அவசரம்

“செத்தாத் தேவல” என்று பெரியவர் சொன்னால், “என்ன பேச்சு இது” என்று அடக்காதீர்கள். “அப்படி ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; பாரம்தான் குறையும். “ஆமாம்” என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. மனநல ஆலோசனைக்கு 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம். முதியோர் உதவிக்கு 14567.

“வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். முதுமை நோயல்ல; மனச்சோர்வு நோய், அதற்கு மருந்தும் உண்டு. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றியே இருக்கட்டும்.