உயர் உரிமை நிரல்களும் ஒளிந்திருக்கும் பிழைகளும்

முன்னுரை

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். நிரல்கள் யாவும் ஒரே தகுதி உடையன அல்ல. நம் பேரணாம்பட்டுத் தோல் மண்டியில் வேலையாட்கள் பலர் இருப்பினும் சாவி ஒருவரிடமே அமானிதமாக ஒப்படைக்கப்படும். அதுபோலச் சில நிரல்களுக்கு மட்டுமே கணிப்பொறியின் எல்லா அறைகளும் திறந்து விடப்படுகின்றன. இவற்றை உயர் உரிமை நிரல்கள் என்போம். இத்தகைய நிரல் எப்போதாவது ஒருமுறை திடீரென வீழுமாயின், அதன் காரணத்தை எவ்வாறு காண்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு காலைப்பொழுதின் பாடம்

2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குக் கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான புதிய தரவுக் கோப்பு ஒன்றை அனுப்பியது. உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. கோப்பு 10.57 மணிக்கே திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் வீழ்ந்த கணிப்பொறிகள் பலவற்றைத் தனித்தனியே நேரில் சென்று மீட்க வேண்டியதாயிற்று.

காரணம் யாது? அந்நிரலின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதற்கு வழங்கப்பட்டவையோ 20. இப்பிழை 2024 பிப்ரவரியிலேயே புகுந்துவிட்டது. எனினும் சோதனைகளிலும் முதலில் வந்த கோப்புகளிலும் 21ஆவது இடத்தில் ‘எதுவாயினும் ஏற்கலாம்’ என்றே குறிக்கப்பட்டிருந்தமையால் அது வெளிப்படவில்லை. ஜூலையில்தான் அவ்விடம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. இல்லாத உள்ளீட்டைத் தேடி நிரல் எல்லை கடந்தது. சாதாரண நிரலாயின் அது மட்டும் வீழ்ந்திருக்கும். இதுவோ கெர்னல் என்னும் உட்கருவில் இயங்கியமையால் கணிப்பொறியே உடன் வீழ்ந்தது.

பிழை காண்பதன் அருமை

லினக்ஸ் அமைப்பில் கடவுச்சொல்லை மாற்றும் நிரல், சாதாரணப் பயனர் இயக்கினும் தலைமை உரிமையோடு இயங்கும். இத்தகைய நிரல் வீழுங்கால், கோர் டம்ப் எனப்படும் நினைவகப் படி இயல்பாக எழுதப்படுவதில்லை. அதில் பிறருடைய இரகசியங்கள் இருக்கக்கூடும் என்பதே காரணம். பயனர் அதனைப் பிழைகாண் கருவியின்கீழ் இயக்கினாலோ, உயர் உரிமை நீக்கப்பட்டுவிடும். முன்பு கண்ட வீழ்ச்சி அப்போது தோன்றாமலும் போகலாம். காவலே ஆய்வுக்குத் தடையாகிறது.

மேற்கொள்ளத்தக்க முறைகள்

முதலாவது, வீழ்ந்த நேரம், பதிப்பு, உள்ளீடு, உடன் இயங்கிய நிரல்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். இரண்டாவது, பிறர் பயன்படுத்தாத தனிக் கணிப்பொறியில், நிர்வாகியே அதே உரிமையோடு நிரலை இயக்கிப் பார்த்தல். மூன்றாவது, நினைவகப் படியை நிர்வாகி மட்டும் படிக்கத்தக்க இடத்தில் எழுதச் செய்தல். நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு சூழலை மட்டும் மாற்றி, வீழ்ச்சியை வேண்டும்போது வரவழைக்கக் கற்றல். ஐந்தாவது, பிழை களைந்தபின் ஆய்வுக்காகத் திறந்த வாயில்களை மீண்டும் அடைத்தல். இவ்வைந்தனுள் நான்காவதே அரிது. வேண்டும்போது வரவழைக்க இயலாத பிழையைக் களைந்துவிட்டோம் என்று உறுதி கூற இயலாது.

முடிவுரை

நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஒருசேர ஆராயுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் பணிக்கிறார். ‘மறுபடி போட்டால் ஓடுகிறதே’ என்று விடுதல் நோயை மட்டும் கண்டு காரணத்தை மறத்தலாகும். ஐந்து திங்கள் அமைதியாகக் கிடந்த பிழையே ஒரே காலையில் 85 இலட்சம் கணிப்பொறிகளை வீழ்த்தியது. மென்பொருள் பணிக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்துவாராக. எந்த நிரலிடம் சாவி மிகுதியோ, அந்த நிரலின் சிறு தடுமாற்றத்தையும் பெரிதாகக் கொள்வதே அறிவுடைமையாகும்.